பித்தளைப் பற்றை வெட்டி எறியச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் இளைஞர்களைப் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய வண்டிகளை இந்தக் காலத்துப் பிள்ளைகள் துடைத்து, பெயின்ட் அடித்து ஓட்டுகிறார்கள் என்றால் சந்தோஷம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி வந்தது. பழைய சைக்கிள்களின் மூட்டுகள் வெறும் பித்தளை ஊற்றி ஒட்டியவை, அவற்றை வெட்டிவிட்டு வெல்டிங் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு என்று. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கோவை கணபதியில் முப்பத்தெட்டு வருடம் கேஸ் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். முதல் பதினொரு வருடம் கூலிக்கு, மீதி சொந்தமாக. கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு கேஸ் எடுத்த காலத்திலிருந்து சிலிண்டர் காலம் வரை பார்த்தாயிற்று. பால்காரர் சைக்கிள், பஸ் சீட்டுக் கால், டிராக்டர் மட்கார்டு, மாவு மெஷின் புனல் எனத் தகடும் குழாயுமாக என் கைவழியே போனதற்குக் கணக்கு கிடையாது. அதில் பாதிக்கு மேல் பித்தளைப் பற்றுதான், பட்டறையில் நாங்கள் பிரேசிங் என்போமே, அது.

பித்தளை ஊற்றி ஒட்டுவது என்று எழுதியதே முதல் தவறு. வெல்டிங்கில் இரும்பும் சேர்ந்து உருகுகிறது, அதற்கு 1,500 டிகிரி பக்கம் சூடு வேண்டும். பற்று வைக்கும்போது இரும்பு உருகவே உருகாது. நூற்றுக்கு அறுபது செம்பும் நாற்பது துத்தநாகமும் கலந்த கம்பி 900 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக உருகி, இரண்டு இரும்புக்கும் நடுவே இருக்கும் சந்துக்குள் தானாக ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே கதை. நாம் ஊற்றுவதில்லை. அதற்கு வழி விடுகிறோம், அவ்வளவுதான். சரியாகச் சுட்ட லக்கில், அதாவது சைக்கிள் குழாய்கள் வந்து செருகும் மூட்டு உறையில், ஒரு பக்கம் கம்பியை வைத்தால் மறுபக்க விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகுதான் கேஸ் நெருப்பு டார்ச்சை எடுப்போம். 450 டிகிரிக்குக் கீழே உருகும் ஈயப்பற்று வேறு சங்கதி, அதைக் குடத்துக்கும் ரேடியோவுக்கும் வைத்துக்கொள்ளலாம். தங்க வேலை செய்பவர்கள் பொடி வைத்து ஊதுவதும் எங்கள் பற்றுக்கு அண்ணன் தம்பி முறைதான். அவர்கள் பயன்படுத்தும் வெண்காரத்தைத்தான் நாங்களும் பிளக்ஸாக, அதாவது சூட்டில் இரும்பு கறுக்காமல் பற்று ஓடுவதற்கான பூச்சாக, தடவுகிறோம்.

சரி, பலம் எவ்வளவு? நான் கூலிக்கு இருந்த காலத்தில் ஒரு பாலிடெக்னிக்குக்கு மாதிரித் துண்டுகள் செய்து கொடுக்கச் சொன்னார்கள். 16 கேஜ் தகடு, அதாவது 1.6 மில்லிமீட்டர். ஒரு அங்குல அகலப் பட்டை இரண்டை ஐந்து மில்லிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வைத்துப் பற்று வைத்துக் கொடுத்தேன். இழுவை மெஷினில் மாட்டினார்கள். முள் 1,300 கிலோவைத் தாண்டியதும் டப்பென்று ஒரு சத்தம். பற்றுதான் விட்டுப்போச்சு என்று எனக்கு மானம் போனது. கிட்டே போய்ப் பார்த்தால் தகடு அறுந்திருக்கிறது, பற்று வைத்த இடம் அப்படியே இருக்கிறது. ஆறு துண்டில் ஐந்து அப்படித்தான் அறுந்தது. ஆறாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது என் தப்பு.

தகட்டின் தடிமனைப் போல மூன்று மடங்கு ஏறினால் போதும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. 1.6 மில்லிமீட்டருக்கு ஐந்து, அவ்வளவுதான். நிறைய ஏற்றினால் நிறைய பலம் என்று இரண்டு அங்குலம் ஏற்றுகிறவர்கள் உண்டு. பாரம் முழுவதையும் இரண்டு ஓரங்கள்தான் தாங்குகின்றன, நடுவில் இருப்பது சும்மா வேடிக்கை பார்க்கும். போதாததற்கு ஏற்றம் நீளமானால் பிளக்ஸ் உள்ளே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம்.

சந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். தலைமுடி அளவு. 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பித்தளைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று போட்ட எவர்சில்வர் டம்ளர்கள் பிரிய மாட்டேன் என்று அடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு என்ன பலம்? ஆனால் மெல்லிசாகப் பரவி நின்றால் அப்படிப் பிடிக்கிறது. பற்று இறுகிய பிறகு நடப்பது வேறு, ஆனாலும் இங்கேயும் மெல்லிசுக்குத்தான் மதிப்பு. கம்பியைத் தனியாக இழுத்தால் நடுவில் மெலிந்து, நீண்டு, அறுந்துபோகும். இரண்டு எஃகு முகங்களுக்கு நடுவே ஏடாக நிற்கும்போது மெலிய முடியாது, பக்கத்தில் இருக்கும் எஃகு அதைச் சுருங்க விடாது. அதனால்தான் மூட்டு, ஒட்டப் போட்ட பித்தளையைவிடப் பலமாக இருக்கிறது. சந்து அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று போனால் இந்தத் தயவு கிடைக்காது. அப்போது அது வெறும் பித்தளைக் கட்டிதான். கட்டுரை எழுதியவர் பார்த்தது அப்படிப்பட்ட மூட்டாக இருக்கலாம். பள்ளம் பார்த்துப் பித்தளையைக் கொட்டி, அரம் போட்டு மழுப்பி, மேலே பெயின்ட் அடித்த வேலை ஊரெல்லாம் உண்டு.

என் கையாலேயே நடந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. எனக்கு இருபத்தொரு வயது இருக்கும். ஒரு பால்காரர் காலை ஐந்தரைக்கே பட்டறை வாசலில் வந்து நின்றார். பெடல் அச்சு உட்காரும் கூட்டிலிருந்து கீழ்க்குழாய் ஆடுகிறது. கேரியரின் இரண்டு பக்கமும் கேன், அவசரம். நான் குழாயைக் கழற்றவே இல்லை. உள்ளே பழைய கிரீஸும் துருவும் இருந்தது, அதன் மேலேயே பிளக்ஸை அப்பி, சுற்றி வர மஞ்சளாகப் பித்தளை போட்டுப் பளபளவென்று கொடுத்து அனுப்பினேன். மூன்றாவது மாதம் கையில் கட்டோடு வந்தார். "ஏனுங் தம்பி, நீங்க ஒட்டுன எடம் உட்டுப்போச்சுங்களே" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. நான் நிமிரவில்லை.

முதலாளி அந்தக் கூட்டை வைஸ் இடுக்கியில் மாட்டி, குழாயைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். இன்றும் கண்ணில் நிற்கிறது. விளிம்பில் ஒரு நெல்மணி அகலத்துக்குத்தான் பித்தளை பிடித்திருந்தது. அதற்கு உள்ளே முழுக்கக் கறுப்பு. நடுவில் பச்சைக் கண்ணாடிச் சில்லு மாதிரி உறைந்த வெண்காரம், அதன் அடியில் துரு. பிடித்த அந்த வளையத்திலும் ஒரு பாதி மங்கிப் பழுப்பேறியிருந்தது, மறுபாதி புதுசாக மின்னியது. மங்கிய பாதி எப்போதோ விட்டுவிட்டது, மின்னிய பாதி அன்றைக்கு விட்டது என்று அர்த்தம். மூன்று மாதமாக அவர் அரை வளையத்தில் பால் கொண்டு போயிருக்கிறார். "கண்ணு, அழுக்கு மேல நெருப்பு வெச்சா அழுக்குதான் வேகும்" என்றார் முதலாளி. வைத்தியச் செலவில் பாதியை அவர் கொடுத்தார், மீதியை என் சம்பளத்தில் பிடித்தார்.

பித்தளை என்ன தப்பு செய்தது, சொல்லுங்கள். உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்திருந்தால் அந்த மூட்டு அவர் பேரன் காலம் வரை நின்றிருக்கும்.

சூடும் அப்படித்தான். கம்மியானால் பித்தளை உருண்டு உருண்டு நிற்கும், தாமரை இலைத் தண்ணீர் போல, ஒட்டாது. கூடினால் வெள்ளைப் புகை கிளம்பும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், பித்தளை உருகுவதும் அதே பக்கத்தில்தான், கை கொஞ்சம் தாமதித்தால் துத்தநாகம் புகையாகப் போய்விடும். மூட்டில் ஊசிக்குத்தாகத் துளைகள் மிஞ்சும். அதனால்தான் பித்தளைக்கு ஆக்சிஜனைத் துளி கூட்டி வைப்போம். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க் காய்ச்சல் நிச்சயம். பட்டறையில் பால் குடிக்கச் சொல்வார்கள். நானும் லிட்டர் கணக்கில் குடித்திருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாளில் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும், பேர் மட்டும் பாலுக்கு. வெள்ளி கலந்த பழைய பற்றுக் கம்பிகளில் கேட்மியமும் கலந்து வரும், அந்தப் புகை ஆளையே கொல்லும். அதைப் பிள்ளைகள் தொட வேண்டாம்.

அடுத்தது வடிவம். தபால் தலையைக் கவரில் ஒட்டி, விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், நகராது. மூலையை நகத்தால் தூக்கினால் உரிந்து வந்துவிடும். தகட்டில் வைத்த பற்றும் இப்படித்தான். பக்கவாட்டு இழுவைக்குக் கல் மாதிரி நிற்கும், உரிப்புக்கு வழி கொடுத்தால் ஓரத்திலிருந்து ஒவ்வொரு மயிரிழையாக விட்டுக்கொண்டே போகும். மட்கார்டு கம்பியைத் தகட்டின் மேல் நிற்க வைத்துப் பித்தளைப் பொட்டு வைப்பார்கள், அது ஆடி ஆடி ஒரு வருடத்தில் கையோடு வரும். அதே இடத்தில் கம்பி நுனியைத் தட்டித் தகடாக்கிப் படுக்க வைத்திருந்தால் வராது. சைக்கிள் லக்கின் நுனிகளை ஏன் ஈட்டி மாதிரி கூராக வெட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பார்க்க அழகு, சரிதான். அதோடு, தடித்த இடத்திலிருந்து மெல்லிய குழாய்க்குப் பாரம் ஒரேயடியாகக் குதிக்காமல் மெல்ல இறங்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். என்னிடம் மூட்டு உடைந்தது என்று வந்த சைக்கிள்களில் பலவற்றில் மூட்டு நன்றாகவே இருக்கும், லக் விளிம்பை ஒட்டிக் குழாய்தான் சுற்றி விரிந்திருக்கும்.

அம்பத்தூரில் 1950-களின் தொடக்கத்திலிருந்து செய்த ஹெர்குலிஸ் வண்டிகள் லக்கும் பித்தளையுமாகத்தான் ஊரெங்கும் ஓடின. ஒரு நாள் பின்னால் மூன்று மூட்டை நெல், மறுநாள் முன்பாரில் பிள்ளை, கேரியரில் மனைவி என்று அவை சுமந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். கார்களின் பிரேக் குழாய் எப்படிச் செய்தது தெரியுமா? செம்பு பூசிய மெல்லிய எஃகுப் பட்டையை இரண்டு சுற்றுச் சுருட்டி, உலையில் வைத்து அந்தச் செம்பையே உருக்கிப் பற்று வைத்த பண்டி குழாய். மிதித்தால் வண்டி நிற்பது பல பத்தாண்டுகளாக அந்தப் பற்றை நம்பித்தான்.

இன்னும் ஒன்று. உக்கடம் பழைய புத்தகக் கடையில் அட்டையில்லாத ஒரு அமெரிக்க மோட்டார் பத்திரிகை கிடைத்தது, அதில் படித்தது. கிராஸ்லி என்ற கம்பெனி 1946-இல் ஒரு குட்டிக் கார் விட்டது. அதன் எஞ்சினுக்குக் கோப்ரா என்று பேர். பாம்பைப் பார்த்து வைத்த பேர் என்று நினைத்தேன், செம்புப் பற்று என்பதன் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கியதாம். எஞ்சின் பிளாக்கை வார்க்கவே இல்லை. தகட்டை அச்சில் அடித்து, துண்டு துண்டாகக் கோத்து, சந்துகளில் செம்பை வைத்து உலைக்குள் தள்ளி 1,100 டிகிரிக்கு மேல் சுட்டு எடுத்தார்கள். நாலு சிலிண்டர், 26 குதிரைசக்திக்குக் கொஞ்சம் மேல், துணைச் சாமான்கள் சேர்க்காமல் எடை 27 கிலோ பக்கம். இரண்டு அரிசிச் சிப்பத்தைத் தூக்குகிற ஆள் எஞ்சினைத் தூக்கிவிடலாம்! உள்ளே பெட்ரோல் வெடித்துக்கொண்டே இருக்கும் பெட்டி, அது முழுக்கத் தகடும் பற்றும். பற்று வெடிப்பைத் தாங்கியது. ஆனால் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் செம்பும் எஃகும் சேர்ந்து நனைந்தால் அது பேட்டரி மாதிரி வேலை செய்யும், எஃகைத் தின்னும். கார் வாங்கியவர்களுக்குச் சில வருடத்தில் சிலிண்டர் சுவரில் ஊசித் துளைகள் விழுந்தன. 1949-இல் வார்ப்பிரும்புக்கு மாறிவிட்டார்கள். பலத்தில் ஜெயித்துத் துருவில் தோற்ற கதை. சைக்கிளுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. பற்று வைத்த பிறகு ஒட்டியிருக்கும் பிளக்ஸைச் சுடுதண்ணீரில் கழுவிச் சுரண்டி எடுக்காமல் பெயின்ட் அடித்தால், அது ஈரத்தை இழுத்து உள்ளேயே அரிக்கும். எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்யாத வேலை இது. சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. செம்புக் குழாய்க்குச் செம்புக் குழாய் ஒட்ட பாஸ்பரஸ் கலந்த கம்பி அருமையாக ஓடும், பிளக்ஸ்கூட வேண்டாம். அதே கம்பியை எஃகில் வைத்தால் இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கும் ஒரு படலம் உண்டாகும். கம்ப்ரசரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் பல மாடல்களில் எஃகுதான், மேலே செம்பு பூசியிருப்பார்கள், பார்த்தால் தெரியாது. காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வெள்ளிக் கம்பியும் பிளக்ஸும்தான்.

இப்போது உங்கள் கட்டுரையின் அந்த வரிக்கு வருகிறேன். பித்தளை பட்ட இடத்தில் வெல்டிங் போடவே கூடாது. சாணை பிடித்து மஞ்சள் நிறம் போய்விட்டது என்று நினைத்தாலும் சந்துக்குள் பித்தளை இருக்கும். வெல்டிங்கின் மின்பொறியான ஆர்க் பட்டவுடன் துத்தநாகம் கொதித்துப் பொரியும், வெல்டிங் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக நிற்கும். அதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாதது. உருகிய செம்பு, சூட்டில் இழுபட்டு நிற்கும் எஃகுக்குள் உள்ள நுண்ணிய மணிகளுக்கு நடுவே புகுந்து அதைப் பிளக்கும். ஒருமுறை இப்படி வெல்டிங் போட்டு வந்த ஒரு ஃபிரேமைச் சரிசெய்ய எடுத்தேன். சூடு காட்டிவிட்டு வைத்தால், ஆறிக்கொண்டிருக்கும்போதே டிக், டிக் என்று சத்தம். வெல்டிங்கை ஒட்டி முடி மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது. ரம்பத்தில் அறுத்து விரித்துப் பார்த்தால் வெடிப்பின் உள்முகத்தில் மங்கலாகச் செம்பு நிறம். அதை ஒன்றும் செய்ய முடியவில்லை, குழாயையே மாற்றினேன். பித்தளைப் பற்று விட்டுப்போனால் மறுபடி பித்தளைதான் வைக்க வேண்டும், வெளுக்கச் சுத்தம் செய்து, குழாயைக் கழற்றி. சைக்கிள் குழாயின் தடிமனும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் தடித்த ராடும் அதிகக் கரண்டும் வைத்து இழுக்கும் ஆர்க் அதை ஓட்டையாக்கும்.

வெல்டிங்கே மட்டம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதுக் குழாய்க்குப் புதுக் குழாய் நல்ல ஆள் போட்டால் அற்புதமாக நிற்கும். இன்றைக்குக் கார் கம்பெனிகளே துத்தநாகம் பூசிய தகடுகளை ஒட்டச் செம்பும் சிலிக்கானும் கலந்த கம்பியில் பற்று வைக்கிறார்கள். சூடு குறைவு, பூச்சு அதிகம் கருகாது. எங்கள் தொழில் செத்துப்போகவில்லை, ஷூ போட்டுக்கொண்டு கம்பெனிக்குள் போயிருக்கிறது.

ஆறாவது துண்டைச் சொல்ல மறந்துவிட்டேன். அதை வைக்கும்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. தகட்டைத் தேய்த்துவிட்டு, கழுவாத எண்ணெய்க் கையால் தொட்டேன். 700 கிலோவிலேயே விட்டது. பற்று விட்ட இடத்தில் என் கட்டைவிரல் ரேகை பழுப்பாகத் தெரிந்தது.

கடைசியாக, ஆசிரியர் ஐயா, இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பக்கத்தின் மேலே பெரிதாகப் போட்ட படத்தில் ஒரு சிவப்புச் சைக்கிள் இருக்கிறது. ஹேண்டில் குழாய்க்குக் கீழே உள்ள லக்கைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் மீன் செதில் மாதிரி வெல்டிங் வரி தெரிகிறது. லக் அதன் இடத்திலேயே இருக்கிறது, ஆகவே பித்தளை மேல் போட்டதுதான். அந்தத் தம்பிக்குச் சொல்லியனுப்புங்கள். அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸை அழுத்தித் தேய்க்கட்டும். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் ஈரக்கோடு எழுந்தால் வெடிப்பு இருக்கிறது. கோடு வராவிட்டாலும் அந்த வண்டியில் மேம்பாலத்து இறக்கத்தில் போக வேண்டாம். கணபதிப் பக்கம் கொண்டு வந்தால் நான் பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். டார்ச்சைப் பையன்தான் பிடிக்க வேண்டும், என் கை இப்போது நடுங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேஸ் வெல்டர்,
கணபதி, கோயம்புத்தூர்.